உறைகுளிரில் ஒரு துளை



இன்று மாலை நான் ஒரு துளையைப் பற்றிப் பேசப்போகிறேன். ஆறு மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சாதாரணத் துளை. ஆனால் அதைப் போடப்போகும் பலகை சாதாரணமானதல்ல. மேலே ஒரு மெல்லிய தகடு, கீழே ஒரு மெல்லிய தகடு, நடுவில் தேன்கூடு போன்ற அறைகள். சாண்ட்விச் கம்போசிட் என்று நாம் சொல்லும் பொருள் அது. அதில் துளை போடும் இடத்தில் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவ நைட்ரஜனைப் பீய்ச்சினால் என்ன நடக்கும்? எது நன்றாகிறது, எது கெடுகிறது? இதுதான் என் பொருள்.

ஒரு துளைக்கு ஒரு மாலைப்பொழுதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு பெரிய பயணிகள் விமானத்தில் இலட்சக்கணக்கான துளைகள் இருக்கின்றன. ஒரு செயற்கைக்கோளின் பேட்டரியும் கேமராவும் ஆன்டெனாவும் எதில் நிற்கின்றன? தேன்கூட்டுப் பலகையில் துளை போட்டு, அதில் பசையோடு பதித்த சிறு உலோகக் குப்பிகளில் நிற்கின்றன. பலகையைச் செய்ய எத்தனை நாள்! இழையை அடுக்க வேண்டும், வெற்றிடப் பையில் போட வேண்டும், ஆட்டோகிளேவ் அடுப்பில் வேகவைக்க வேண்டும், சோதிக்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் டிரில் வருகிறது. அந்தப் பத்து விநாடியில் கெட்டால், அதற்கு முன் செய்த அத்தனையும் கெட்டது. அதனால்தான் இந்தத் துளை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

முதலில் இந்தப் பலகை ஏன் பிறந்தது என்று பார்த்துவிடுவோம். எடை கூடாமல் விறைப்பு வேண்டும். அவ்வளவுதான் தேவை. ஒரு தகட்டை இரண்டாகப் பிளந்து, நடுவில் இலேசான ஒன்றை வைத்து, மொத்தத் தடிமனை நான்கு மடங்காக்குங்கள். எடை ஆறு சதவீதம் கூடும். விறைப்பு? 37 மடங்கு கூடும். ஆறு சதவீத எடைக்கு 37 மடங்கு விறைப்பு! இந்தக் கணக்கைப் பார்த்த எந்த விமானப் பொறியாளரும் இதை விடமாட்டார். 1940 நவம்பரில் இங்கிலாந்தில் முதன்முதலாகப் பறந்த மொஸ்கிட்டோ விமானத்தின் உடல், பால்சா மரத்தின் இருபுறமும் பிர்ச் ஒட்டுப்பலகை வைத்துச் செய்தது. பிறகு பால்சாவின் இடத்துக்கு அலுமினியத் தேன்கூடு வந்தது. நோமெக்ஸ் என்னும் அராமிட் காகிதத் தேன்கூடு வந்தது. மேல் கீழ்த் தகடுகள் கார்பன் இழையும் கண்ணாடி இழையும் கெவ்லாருமாக மாறின.

அந்த அலுமினியத் தேன்கூட்டின் சுவர் எவ்வளவு தடிமன் தெரியுமா? பல வகைகளில் அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அதாவது ஒரு தலைமுடியின் அளவு, சில சமயம் அதற்கும் கீழே. நிமிர்ந்து நிற்கும்வரை அது டன் கணக்கில் தாங்கும். பக்கவாட்டில் விரலால் தள்ளினால் மடங்கிவிடும். இந்த முரணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டிரில் சுழல்கிறது. சுழலும் கருவி பக்கவாட்டில்தானே தள்ளும்?

இப்போது டிரில் இறங்கட்டும். கெட்டியான ஓர் இரும்புத் தகட்டில் துளை போட்டால் நுழைவு ஒன்று, வெளியேற்றம் ஒன்று. பட்டறை நண்பர்களுக்கு நன்றாகத் தெரியும், வெளியேறும் பக்கத்தில்தான் பிசிறு வரும். அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து அழுத்திப் பிடித்தால் அது குறையும். சாண்ட்விச் பலகையில் எத்தனை நுழைவு, எத்தனை வெளியேற்றம்? எண்ணிப் பாருங்கள். மேல்தகட்டில் நுழைகிறது, ஒன்று. மேல்தகட்டை விட்டு உள்ளே வெளியேறுகிறது, இரண்டு. தேன்கூட்டைக் கடந்து கீழ்த்தகட்டில் நுழைகிறது, மூன்று. அதை விட்டு வெளியே வருகிறது, நான்கு. இந்த நான்கில் நடுவில் உள்ள இரண்டையும் உங்கள் கண் பார்க்காது, உங்கள் கை தாங்காது. மேல்தகட்டின் அடிப்பக்கத்தில் மரக்கட்டை வைக்க முடியுமா? அங்கே இருப்பதெல்லாம் முடியளவு சுவரும் காற்றும்தான்.

மேல்தகடு இழைகளை அடுக்கடுக்காக வைத்து ரெசினால் ஒட்டியது. டிரில் நுழையும்போது அதன் விளிம்பு முதல் அடுக்கை மேல்நோக்கி உரிக்கப் பார்க்கும். வெளியேறும்போது கடைசி அடுக்கைக் கீழ்நோக்கித் தள்ளும். வெட்டப்படாத கடைசி அடுக்கு மெலிய மெலிய, அதைத் தாங்கும் பலமும் குறைகிறது. டிரிலின் அழுத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு கட்டத்தில் வெட்டுப்படும் முன்பே அடுக்கு பிரிந்துவிடும். வெளியே நடந்தால் தெரியும். உள்ளே நடந்தால்? துளையில் போல்ட் போட்டு மூடிவிடுவோம். பிரிந்த அடுக்கு உள்ளேயே இருக்கும், அடுத்த அதிர்வுக்காக.

இதோடு முடிந்ததா? இல்லை. கார்பன் இழை உப்புத்தாள் மாதிரி டிரிலின் கூரைத் தின்னும். அலுமினியம் சூடானால் கூரிலேயே ஒட்டிக்கொள்ளும். ரெசினோ குறிப்பிட்ட வெப்பத்துக்கு மேல் போனால் இளகி, இழையைப் பிடித்து நிறுத்தும் வேலையை விட்டுவிடும். உலோகத்தை வெட்டும்போது வெப்பத்தின் பெரும்பகுதியைச் சுருள் சுருளாக வரும் சீவல் எடுத்துக்கொண்டு போய்விடும். கார்பன் பலகையில் சீவல் ஏது? பொடிதான் வருகிறது. வெப்பம் கருவியிலும் துளையின் சுவரிலும் தங்கிவிடுகிறது.

அராமிட் இழையின் சங்கதி வேறு. டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி க்வாலெக் என்ற வேதியியலாளர் 1965இல் கண்டறிந்த கெவ்லார், இழுத்தால் எஃகுக்கே சவால் விடும். ஆனால் வெட்டினால் வெட்டுப்பட மறுக்கும். பச்சை வாழைநாரை மழுங்கிய கத்தியால் அறுத்துப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: நார் அறுபடாது, வளையும், நீளும், கத்தியோடு சுற்றிக்கொள்ளும், கடைசியில் பஞ்சாக நிற்கும். கெவ்லார் துளையின் ஓரமும் அப்படித்தான் பஞ்சு பஞ்சாக நிற்கிறது. துளையைச் சீராக்கும் ரீமரை விட்டால் பஞ்சு படுத்துக்கொள்கிறது. எடுத்தால் மறுபடி எழுந்து நிற்கிறது.

சரி, சூடுதானே பிரச்சினை, கூலன்டை ஊற்றினால் தீர்ந்ததே என்று ஒரு மாணவர் நினைப்பது எனக்குக் கேட்கிறது. இரும்புக்கு ஊற்றலாம். தேன்கூட்டுக்கு ஊற்றாதீர்கள். ஊற்றிய எண்ணெயும் தண்ணீரும் எங்கே போகும்? அறைகளுக்குள் போகும். போனால் எப்படி வெளியே வரும்? ஒவ்வோர் அறைக்கும் மேலேயும் கீழேயும் தகடு ஒட்டி மூடியிருக்கிறதே!

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2005 மார்ச் 6ஆம் தேதி கியூபாவின் வராடெரோவிலிருந்து கனடாவின் கியூபெக் நகருக்குப் புறப்பட்ட ஒரு ஏர்பஸ் ஏ310 விமானம், 35,000 அடி உயரத்தில் தன் வால் சுக்கானின் பெரும்பகுதியை இழந்தது. கார்பன் தகடும் நோமெக்ஸ் தேன்கூடும் சேர்ந்த சுக்கான் அது. விமானிகள் திரும்பி வந்து பத்திரமாக இறக்கினார்கள். 250க்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினர். அந்தச் சுக்கான் சரியாக எதனால் பிரிந்தது என்பதை விசாரணையால் உறுதிப்படுத்த முடியவில்லை. ஆனால் அதே ஆண்டின் இறுதியில் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சரக்கு விமானத்தின் சுக்கானைத் திறந்து பார்த்தபோது, தகட்டுக்கும் தேன்கூட்டுக்கும் நடுவே ஹைட்ராலிக் எண்ணெய் புகுந்து ஒட்டுப் பிரிந்திருந்தது. 2006இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அவசரப் பரிந்துரை விட்டது. மேலே போனால் வெளியழுத்தம் குறையும், உள்ளே இருப்பது உப்பும். கீழே வந்தால் மறுபடி அமுங்கும். ஒவ்வொரு பயணத்திலும் பிரிவு கொஞ்சம் கொஞ்சமாக வளரும். தண்ணீர் என்றால் இன்னும் மோசம். மேலே உறைந்து ஒன்பது சதவீதம் பருக்கும். இதையெல்லாம் அறிந்த பிறகும் தேன்கூட்டுக்குள் திரவத்தை நாமே நம் கையால் ஊற்றலாமா?

இங்கேதான் நண்பர்களே, திரவ நைட்ரஜன் வருகிறது. நாம் மூச்சிழுக்கும் காற்றில் 78 சதவீதம் அதுதான். குளிர்விக்கிறது, ஆவியாகிறது, காற்றோடு காற்றாகப் போகிறது. எண்ணெய் இல்லை, ஈரம் இல்லை, கழுவும் வேலை இல்லை. பலர் குளிருக்காக அதைப் புகழ்கிறார்கள். எதையும் விட்டுவைக்காமல் போவதே அதன் முதல் பெருமை என்பேன் நான்.

குளிரும் தன் பங்குக்கு உதவுகிறது. ரெசின் இறுகுகிறது. இறுகிய ரெசின் இழையை அசையாமல் பிடிக்கிறது. பிடிபட்ட இழை வளைந்து ஒதுங்காமல் வெட்டுப்படுகிறது. அலுமினியம் கூரில் ஒட்டுவது குறைகிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கெவ்லார் பலகைகளைத் திரவ நைட்ரஜனோடு துளையிட்டு 1998இல் முடிவுகளை வெளியிட்டார்கள். துளையின் சுவர் சீரானது, டிரிலின் தேய்மானம் குறைந்தது. எத்தனை ரீமரை விட்டாலும் படியாத அந்தப் பஞ்சு, குளிரில் கட்டுப்பட்டது.

அப்படியானால் பலகையை நைட்ரஜன் தொட்டியில் முக்கி எடுத்துத் துளை போட்டுவிடலாமா? இல்லை! என் பேச்சின் நடுப்பொருளே இதுதான். குளிரைக் கருவியின் நுனிக்குக் கொடுங்கள், பலகைக்குக் கொடுக்காதீர்கள்.

ஏன்? முதல் காரணம், இறுகிய பொருள் கருவியை எதிர்த்து நிற்கும். ஆக்லாந்து ஆய்விலேயே அழுத்தும் விசை கூடியது. விசை கூடினால் வெளியேறும் பக்கத்தில் அடுக்குப் பிரியும் ஆபத்தும் கூடும். அவர்கள் அடியில் ஆதாரத் தகடு வைத்துச் சமாளித்தார்கள். நம்முடைய நான்கு முகங்களில் நடுவில் உள்ளவற்றுக்கு அந்த வழி இல்லையே.

இரண்டாவது காரணம் அளவு. அறை வெப்பத்திலிருந்து மைனஸ் 196க்குப் போனால் ஒரு மீட்டர் அலுமினியம் ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர் சுருங்கும். அந்த விகிதத்தில், உறைந்த அலுமினியத் தகட்டில் மிகச் சரியாகப் போட்ட ஆறு மில்லிமீட்டர் துளை, தகடு சூடேறியதும் 0.024 மில்லிமீட்டர் பெரிதாகிவிடும். துல்லியமான பொருத்தத்துக்கு அந்த விட்டத்தில் நமக்கு அனுமதி 0.012தான். துளை அழகாக இருக்கும், போல்ட் ஆடும்.

மூன்றாவது காரணத்தைச் சொல்ல நான் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக்குப் போக வேண்டும். 1990களின் பிற்பகுதியில் எக்ஸ்-33 என்ற விண்கல முன்னோட்ட வண்டியை நாசாவும் லாக்ஹீட் மார்ட்டினும் உருவாக்கிக்கொண்டிருந்தன. விமானம்போலத் திரும்பி வந்து மறுபடி பறக்க வேண்டிய கலம். எடையைக் குறைப்பதே அதன் உயிர். அதற்காக அதன் திரவ ஹைட்ரஜன் தொட்டியையே கார்பன் தகடும் அராமிட் தேன்கூடும் கொண்ட சாண்ட்விச்சாகச் செய்தார்கள். திரவ ஹைட்ரஜனின் வெப்பநிலை மைனஸ் 253 டிகிரி. 1999 நவம்பரில் ஹன்ட்ஸ்வில் நகரின் மார்ஷல் விண்வெளி மையத்தில் தொட்டியை நிரப்பினார்கள், அழுத்தம் கொடுத்தார்கள், பாரம் கொடுத்தார்கள். தொட்டி தாங்கியது. எல்லோரும் நிம்மதி அடைந்திருப்பார்கள். திரவத்தை வடித்தார்கள். தொட்டி மெல்லச் சூடேறத் தொடங்கியபோது, வெளித்தகடும் தேன்கூடும் பிரிந்து பிளந்தன.

என்ன நடந்தது? கார்பன் இழை தன் நீளவாக்கில் குளிரில் ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை. ரெசினோ நன்றாகச் சுருங்கும். வெவ்வேறு திசைகளில் அடுக்கிய இழைகள் ஒன்றையொன்று சுருங்கவிடாமல் பிடிக்க, நடுவில் மாட்டிய ரெசினில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் விழுந்தன. உள்தகட்டின் விரிசல்கள் வழியே ஹைட்ரஜன் தேன்கூட்டுக்குள் கசிந்தது. வெளிப்புறத்திலிருந்த நைட்ரஜனும் உள்ளே இழுக்கப்பட்டு, அந்தக் கடுங்குளிரில் சுருங்கி அடங்கியது. குளிர் இருந்தவரை அமைதி. சூடேறியதும் உள்ளே அடங்கியிருந்தது வாயுவாகிப் பெருத்தது, வெளியேற வழியில்லாமல் தகட்டைத் தள்ளியது. ஒட்டிலும் பலவீனமான இடங்கள் இருந்தன. 2001 மார்ச்சில் திட்டமே கைவிடப்பட்டது.

அந்தத் தொட்டியைக் கெடுத்தது டிரில் இல்லைதான். ஆனால் குளிர் ஒரு சாண்ட்விச் பலகைக்கு என்ன செய்யும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறொரு நிகழ்ச்சியை நான் அறியேன். ரெசினை 180 டிகிரியில் வேகவைத்துக் குளிரவிடும்போதே உள்ளே ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. அதற்கு மேல் இன்னும் 200 டிகிரிக் குளிரைக் கொடுத்தால் அந்த இறுக்கம் எங்கே போகும்? விரிசலாகத்தான் போகும். திருநெல்வேலி மாவட்டத்தின் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் கிரையோஜெனிக் என்ஜின்கள் திரவ ஹைட்ரஜனோடு சோதிக்கப்படுகின்றன. அதே மைனஸ் 253 டிகிரி நம் ஊர்ப்பக்கமும் அன்றாட வேலையாக இருக்கிறது. நாளைக்கு இந்த அவையிலிருந்து ஒருவர் அங்கே கம்போசிட் தொட்டி செய்யப் போகலாம். போகிறவர் எக்ஸ்-33 அறிக்கையைப் படித்துவிட்டுப் போக வேண்டும்.

ஆகவே குளிர் நுனிக்கு. எப்படிக் கொடுப்பது? வாளியில் ஊற்றுவதுபோல ஊற்றினால் பயன் குறைவு. சூடான பரப்பில் விழுந்த நைட்ரஜன் உடனே ஆவியாகி, தனக்கும் பரப்புக்கும் நடுவே தானே ஒரு வாயுத்திரையைப் போட்டுக்கொள்ளும். சூடான தோசைக்கல்லில் நீர்த்துளி ஓடுமே, அந்த நிலைமை. அதோடு, ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகும்போது எடுக்கும் வெப்பத்தில் பதினொன்றில் ஒரு பங்கைத்தான் ஒரு கிலோ நைட்ரஜன் எடுக்கும். அதன் பலம் அளவில் இல்லை, வெப்பநிலை வித்தியாசத்தில் இருக்கிறது. எனவே டிரிலின் உள்ளே ஓடும் நுண்துளை வழியாக, அழுத்தத்தோடு, கூரின் வாயிலேயே கொண்டுபோய் விட வேண்டும். இறங்கும்போது திறந்து, வெளியே வந்ததும் மூட வேண்டும். ஒவ்வொரு தகட்டையும் விட்டு வெளியேறும் தறுவாயில் டிரில் இறங்கும் வேகத்தைக் குறைக்க வேண்டும். நல்ல கூர், குறைந்த அழுத்தம், நுனியில் மட்டும் குளிர். மூன்றும் சேர்ந்தால்தான் பலன். கூர் மழுங்கிய டிரிலை எந்தக் குளிரும் காப்பாற்றாது.

இன்னொரு வழியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. தகடுகளை ஒட்டுவதற்கு முன் வெறும் அலுமினியத் தேன்கூட்டைக் கடைய வேண்டியிருந்தால், அறைகளில் தண்ணீர் நிரப்பி உறையவைத்துவிடுவது. பனிக்கட்டி ஒவ்வொரு சுவரையும் இருபுறமும் பிடித்துக்கொள்ளும். கடைந்த பிறகு உருக்கி, நன்றாக உலர்த்திவிடலாம். சீனத்தில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அலுமினியத்துக்கு இது சரி. ஈரத்தை உறிஞ்சும் நோமெக்ஸ் காகிதத்துக்கு நான் இதைச் செய்யமாட்டேன்.

ஈரம் என்றதும் நம் ஊரை நினைக்காமல் முடியாது. நைட்ரஜன் எதையும் விட்டுவைக்காது என்றேன். ஆனால் அது குளிரவைத்துவிட்டுப் போன துளையில் எது வந்து படியும்? காற்றில் உள்ள ஈரம். ஐரோப்பாவின் வறண்ட குளிர்காலத்தில் எழுதிய செய்முறையை அப்படியே எடுத்துக்கொண்டு சென்னையின் அக்டோபர் மாதத்தில் துளை போட்டால், திறந்த அறைகளுக்குள் பனி படிந்து, உருகி, நாம் எதற்கு அஞ்சிக் கூலன்டைத் தவிர்த்தோமோ அதே தண்ணீர் உள்ளே நிற்கும். துளை அறை வெப்பத்துக்குத் திரும்பும்வரை உலர்ந்த நைட்ரஜன் வாயுவை அதில் ஊதிக்கொண்டே இருங்கள். குப்பியைப் பசையோடு பதிக்கும் முன் பலகையை உலர்த்துங்கள். நம் ஊர்ச் செய்முறையில் இந்த வரி கட்டாயம் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்கிறேன்.

இதைவிடவும் வற்புறுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் அறை வெப்பத்தில் கிட்டத்தட்ட 700 லிட்டர் வாயுவாகும். அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை, நெடி இல்லை. மூடிய அறையில் அது ஆக்சிஜனை ஒதுக்கித் தள்ளும்போது மூச்சுத் திணறுகிற உணர்வுகூட வராது, நினைவுதான் தப்பும். 1981 மார்ச் 19 அன்று, கொலம்பியா விண்கலம் முதல் பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த நாளில், நைட்ரஜன் நிரம்பியிருந்த அதன் பின்பகுதிக்குள் தொழிலாளர்கள் நுழைந்தார்கள். ஒருவர் அன்றே இறந்தார். இன்னொருவர் சில நாள்களில் இறந்தார். விண்வெளித் துறையின் மிகச் சிறந்த பொறியாளர்கள் இருந்த இடம் அது. ஷட்டரை இறக்கிவிட்டு ஏசி போட்ட சிறு பட்டறையில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சுவரில் ஆக்சிஜன் அளவு காட்டும் மீட்டர் இல்லாத அறையில் நைட்ரஜன் உருளையைத் திறக்கச் சொன்னால், சொன்னவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். மாணவர்களே, உங்கள் பேராசிரியர் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். விழுந்தவரைத் தூக்க ஓடும் இரண்டாவது ஆளும் விழுவார் என்பதையும் மறக்காதீர்கள்.

கடைசியாக ஒரு சிறு வேண்டுகோள், ஆய்வு மாணவர்களுக்கு. துளையின் அழகைப் படமெடுத்து அதோடு ஆய்வை முடித்துவிடாதீர்கள். துளை போட்ட பலகையை மீயொலியால் சோதியுங்கள். அதே பலகையைப் பலமுறை குளிரவைத்துச் சூடேற்றி மறுபடி சோதியுங்கள். விட்டத்தை அறை வெப்பத்தில் மட்டுமே அளந்து எழுதுங்கள். சிலவற்றைக் குறுக்கே அறுத்து, கை எட்டாத அந்த நடு முகங்களைப் பாருங்கள்.

அப்படி அறுத்த இரண்டு துண்டுகளைக் கொண்டுவந்திருக்கிறேன். இரண்டும் கெவ்லார் தகடு, நோமெக்ஸ் தேன்கூடு. ஒன்று வெறுமனே துளையிட்டது, மற்றது நுனிக்குளிரில் துளையிட்டது. மேடைக்குக் கீழே மேசையில் இருக்கின்றன. லென்ஸ் ஒன்றுதான் இருக்கிறது, அதனால் வரிசையாக வாருங்கள். மேல்தகட்டின் மேற்புறத்தைப் பார்த்து ஏமாந்துவிடாமல் அதன் அடிப்பக்கத்தை முதலில் பாருங்கள். குளிரில் போட்ட துண்டிலும் அங்கே ஓர் இடத்தில் அடுக்குப் பிரிந்திருக்கிறது. அது எப்படி வந்தது, டிரிலின் வேகத்தாலா குளிராலா என்பதைப் பார்த்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். கேள்வி நேரத்தை அதிலிருந்தே தொடங்கலாம்.